கணைக்காலில் அரை மணி நேரம்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் பழைய வீடுகள் மரத்தால் கட்டியவை. வெயில் கொளுத்தும் ஊர் என்பதால் வீட்டைச் சுற்றி அகலமான தாழ்வாரம் விடுவார்கள். தாழ்வாரத்தின் விளிம்பில் மரக் கிராதி. கிராதிக்கு அடித்த பெயின்ட் வெயிலில் காய்ந்து மாவாக உதிரும். குழந்தைகள் விளையாடும் இடமும் அந்தத் தாழ்வாரம்தான். கிராதியைப் பிடித்து நடை பழகும், ஏறும், தொங்கும், அதே கையை வாயில் வைக்கும். 1890களில் பிரிஸ்பேன் நகரக் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளில் சிலருக்குக் கடும் வயிற்றுவலி, சிலருக்குக் கைகால் விளங்கவில்லை, சிலருக்குப் பார்வை மங்கியது. காரீயம் உடம்பில் ஏறினால் வரும் அறிகுறிகள் இவை என்று அங்கிருந்த மருத்துவர்கள் 1892இல் எழுதினார்கள். ஈயம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பல வருடம் பிடிபடவில்லை. ஜான் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904இல் அதைச் சொன்னார்: கிராதியில் இருக்கும் பெயின்ட், சுவரில் இருக்கும் பெயின்ட்.

பிழைத்த பிள்ளைகள் வீடு திரும்பி வளர்ந்து ஆளானார்கள். முப்பது வயதை ஒட்டிப் பலருக்கு இரத்தக் கொதிப்பு வந்தது, சிறுநீரகம் சுருங்கியது. மற்ற மாகாணங்களில் காணாத அளவுக்கு இங்கே இளவயதினர் சிறுநீரக நோயில் சாகிறார்கள் என்று 1929இல் எல். ஜே. ஜே. நை என்ற மருத்துவர் கவனித்தார். சிறுவயதில் உடம்பில் ஏறிய ஈயம்தான் காரணம் என்பது அவருடைய கணிப்பு. ஏற்றுக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். 1954இல் டி. ஏ. ஹெண்டர்சன், 1915க்கும் 1935க்கும் இடையில் ஈய நச்சு என்று பதிவான 401 குழந்தைகள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று தேடிப்போனார். 165 பேர் நாற்பது வயதுக்குள் இறந்திருந்தார்கள். அவர்களில் 108 பேரின் இறப்புக்குக் காரணமாகப் பதிவாகியிருந்தது சிறுநீரக நோய் அல்லது இரத்தக் கொதிப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சந்தேகம் தீரவில்லை. முப்பத்தைந்து வயதில் இறந்த ஒருவரின் உடம்பில், இரண்டு வயதில் வாய்க்குள் போன பெயின்ட்டுக்கு என்ன அடையாளம் இருக்கும்? ரத்தத்தைச் சோதித்துப் பயனில்லை. அதனால் ஹெண்டர்சனும் இங்லிஸ் என்பவரும் இறந்தவர்களின் எலும்பை வேதிமுறையில் ஆராய்ந்தார்கள். 1957இல் முடிவு வெளிவந்தது. நாள்பட்ட சிறுநீரக நோயில் இறந்தவர்களின் எலும்பில் ஈயம் கூடுதலாக இருந்தது. தாழ்வாரத்தில் நடந்ததற்கு எலும்பு சாட்சி சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் சாட்சியைக் கேட்க ஆள் செத்திருக்க வேண்டும். ஓடியாடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் எலும்பை அறுக்காமல், ஊசி குத்தாமல் அளக்க வழி உண்டா என்பதற்கு விடை வர இன்னும் ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. அந்த இடைவெளியில் உதவிக்கு வந்தது பால் பல்.

எலும்பு ஈயத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது 1920களிலேயே தெரிந்த செய்தி. ஹார்வர்டில் ஜோசப் ஆப் என்பவர் தலைமையில் நடந்த ஆய்வுகள், உடம்பு ஈயத்தைக் கால்சியம் போலவே நடத்துகிறது என்று காட்டியிருந்தன. எலும்பில் கால்சியம் படியும்போது ஈயமும் படியும். உடம்பு தன் தேவைக்கு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும்போது ஈயமும் கூடவே ரத்தத்துக்கு வரும். எவ்வளவு காலம் தங்குகிறது என்பதை 1970களில் கலிஃபோர்னியாவில் மைக்கேல் ரபினோவிட்ஸும் உடனிருந்தவர்களும் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஈயம் 204 என்பது இயற்கையில் மிகக் குறைவாகக் கிடைக்கும் ஐசோடோப்பு, கதிர்வீச்சு இல்லாதது. அதைத் துளித் துளியாகத் தன்னார்வலர்களுக்கு உணவோடு கொடுத்து, ரத்தத்தில் அது ஏறுவதையும் வடிவதையும் மாதக்கணக்கில் அளந்தார்கள். ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகிவிடுகிறது. பெரியவர்களின் எலும்பில் இருப்பது பாதியாக இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வளர்ந்தவர் உடம்பிலுள்ள ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் எலும்பில்தான் கிடக்கிறது. குழந்தைகளில் எழுபது சொச்சம். ரத்தத்தை வாசல் என்றும் எலும்பைப் பரண் என்றும் வைத்துக்கொள்ளலாம். வாசலில் நிற்பவருக்கு இன்று உள்ளே வந்த சாமான் தெரியும்; பரணில் வருடக்கணக்கில் ஏறியது தெரியாது.

குழந்தைகள் விஷயத்தில் இது சின்னச் சிக்கல் இல்லை. தவழ்ந்து, தரையைத் தடவி, எதையும் வாயில் வைக்கும் இரண்டு வயதை ஒட்டித்தான் ரத்தத்தில் ஈயம் உச்சத்துக்குப் போகும். அதனால் வந்த கேடு தெரிவது பள்ளிக்கூடத்தில், ஏழு எட்டு வயதில். அப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு இறங்கியிருக்கும். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, மந்தபுத்தி, அவ்வளவுதான் என்று முடித்துவிடுவார்கள்.

1930களில் பால்டிமோரிலும் பாஸ்டனிலும் மருத்துவர்கள் எக்ஸ்ரேயில் ஒரு தடயத்தைக் கண்டார்கள். ஈயம் நிறைய ஏறிய குழந்தையின் வளரும் எலும்பு நுனியில் அடர்ந்த வெள்ளைப் பட்டை தெரியும். அந்தப் பட்டை ஈயமே அல்ல. ஈயத்தால் எலும்பு வளர்ச்சி குழம்பி அங்கே கால்சியம் திரண்டதன் நிழல். எவ்வளவு ஈயம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. லேசாகப் பாதிக்கப்பட்ட குழந்தையிடம் அது தெரியவும் தெரியாது.

நஞ்சு இறங்கிக் குழந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டால் குணமாகிவிட்டது என்பதுதான் அந்தக் கால மருத்துவ நம்பிக்கை. பாஸ்டனில் ராண்டால்ஃப் பையர்ஸும் எலிசபெத் லார்டும் 1943இல் அதை உடைத்தார்கள். குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிய 20 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது 19 பேர் பள்ளியில் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். ஈய உற்பத்தியாளர்களின் சங்கம் பையர்ஸ்மேல் வழக்குப் போடுவதாக மிரட்டியது என்று இந்த வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டுச் சுவரில் ஈயம், பெட்ரோலில் ஈயம், தண்ணீர்க் குழாயில் ஈயம் என்று ஒரு நாடே ஓடிக்கொண்டிருந்த காலம். நிரூபணம் இல்லை என்று சொல்பவர்கள் கையில்தான் பணமும் ஆய்வுக்கூடங்களும் இருந்தன. எலும்பை அளக்கும் கருவி தேவைப்பட்டதன் பின்னணியில் மருத்துவத் தேவைக்குச் சமமாக இந்த வழக்காடலும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஹெர்பர்ட் நீடில்மேன் 1927இல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். மருத்துவம் படிக்கும்போது ஒரு கோடையில் கூலிவேலைக்குப் போன இடம் நியூ ஜெர்சியின் டீப்வாட்டரில் இருந்த டூபான்ட் ஆலை. பெட்ரோலில் கலக்கும் டெட்ரா எத்தில் ஈயம் தயாரான இடம் அது. இடைவேளையில் மற்றவர்கள் கூடிப் பேசும்போது சில வயதான தொழிலாளர்கள் மட்டும் ஒதுங்கி உட்கார்ந்து எங்கோ வெறித்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். பழைய நாளில் ஈயக் கட்டிடத்தில் வேலை செய்து நஞ்சேறியவர்கள். அந்தக் கட்டிடத்துக்குத் தொழிலாளர்கள் வைத்திருந்த பெயர் பட்டாம்பூச்சி வீடு. உள்ளே வேலை செய்தவர்கள் இல்லாத பூச்சிகளைக் கையால் விரட்டிக்கொண்டிருப்பார்களாம்.

குழந்தை மருத்துவரான பிறகு பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் ஈய நச்சால் நினைவிழந்த மூன்று வயதுப் பெண் குழந்தையை அவர் காப்பாற்றினார். ஈயத்தைக் கட்டி இழுத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து அப்போது புதிதாக வந்திருந்தது. குழந்தை கண் விழித்ததும், அந்த வீட்டுக்குத் திரும்பாதீர்கள், வேறு வீடு பாருங்கள் என்று தாயிடம் சொன்னார். எனக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் எந்த வீட்டுக்குப் போனாலும் அதே சுவர்தானே என்று அந்தத் தாய் கேட்டதைப் பிற்காலத்தில் அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். மருந்து எழுதிக்கொடுப்பதோடு வேலை முடிவதில்லை என்று தனக்குப் பட்டது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் என்றும் சொன்னார்.

சாகக் கிடக்கும் குழந்தையை மருத்துவம் அடையாளம் காணும். அறிகுறி எதுவும் காட்டாமல் வகுப்பில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தையை எப்படி அடையாளம் காண்பது? வறுமை, வீட்டுச் சூழல், பெற்றோரின் படிப்பு என்று எல்லாமே படிப்பைப் பாதிக்கும். ஈயத்தின் பங்கை மட்டும் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் அந்தப் பிள்ளை இதுவரை உள்வாங்கிய மொத்த ஈயத்தின் கணக்கு வேண்டும். எலும்பைக் கேட்டால் எந்தத் தாயும் தர மாட்டாள். ஆனால் ஆறு ஏழு வயதில் எல்லாப் பிள்ளைகளும் எலும்பைப் போன்ற ஒரு பொருளைத் தாமாகவே உதிர்க்கின்றன. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பரவிய ஸ்ட்ரான்ஷியம் 90 குழந்தைகளின் உடம்பில் சேர்கிறதா என்று பார்க்க 1950களின் கடைசியிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரில் பால் பற்களை லட்சக்கணக்கில் சேகரித்திருந்தார்கள். உதிர்ந்த பல்லில் ஈயத்தை அளக்கலாம் என்பதும் 1962இல் ஆய்வேட்டில் வந்திருந்தது. நீடில்மேன் பிலடெல்ஃபியாவின் ஏழைத் தெருக்களிலும் புறநகரிலும் பால் பற்களைச் சேகரித்து 1972இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார். நகரப் பிள்ளைகளின் பல்லில் ஈயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

அடுத்தது பாஸ்டனை ஒட்டிய செல்சியும் சோமர்வில்லும். முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் 3,329 பேரிடம் பல் கேட்டார்கள். பத்துக்கு ஏழு பேர் கொடுத்தார்கள். வீட்டில் அண்ணன் பல்லை எடுத்து வந்து கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, வாயில் புதிதாகப் பல் விழுந்த குழி இருக்கிறதா என்று ஆசிரியர் பார்த்த பிறகே பல்லை வாங்கிக்கொண்டார். பல்லின் நடுவில் மெல்லிய வில்லை ஒன்றை அறுத்து, வெளிப்பூச்சுக்கு உள்ளே இருக்கும் டென்டினில் ஈயத்தை அளந்தார்கள். யார் பல்லில் எவ்வளவு என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பதினோரு கேள்விகள் கேட்டார்கள்: கவனம் சிதறுகிறதா, பகல்கனவு காண்கிறதா, எடுத்த வேலையை முடிக்கிறதா, சொன்னதை வரிசையாகச் செய்கிறதா என்பது மாதிரி. 2,146 பிள்ளைகளுக்குப் பதில் கிடைத்தது. பல்லில் ஈயம் குறைந்தவர்கள் முதல் மிகுந்தவர்கள் வரை ஆறு கூட்டமாகப் பிரித்து வரைபடம் போட்டபோது, ஒவ்வொரு கேள்விக்கும் மோசமான பதில்கள் படிப்படியாக ஏறின. அந்த வரைபடத்தைப் பார்க்கும் எவருக்கும் விளக்கம் தேவையில்லை.

மிகுந்த ஈயம் உள்ள 58 பேரையும் குறைந்த ஈயம் உள்ள 100 பேரையும் தனியாக அறிவுத்திறன் சோதனைக்கு உட்படுத்தினார்கள். சராசரி வித்தியாசம் நாலைந்து புள்ளி. அவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். சராசரி நாலு புள்ளி இறங்கும்போது ஓரங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பிறகு அவர்கள் காட்டினார்கள். மொழித்திறனில் 125ஐத் தாண்டியவர்கள் குறைந்த ஈயக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பேர். மிகுந்த ஈயக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. இந்தப் பிள்ளைகள் யாரும் மருத்துவமனை வாசலை மிதித்தவர்கள் அல்ல. யாருக்கும் ஈய நோய் என்று பெயர் சூட்டப்படவில்லை. 1979 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளியானது. பதினொரு வருடம் கழித்து 132 பேரைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, பல்லில் ஈயம் மிகுந்திருந்தவர்கள் பள்ளிப்படிப்பைப் பாதியில் விடும் வாய்ப்பு ஏழு மடங்கு கூடியிருந்தது.

இதற்காக நீடில்மேன் கொடுத்த விலை பெரிது. ஈயத் தொழில் சார்பில் வழக்குகளில் சாட்சி சொல்லவிருந்த இரண்டு உளவியலாளர்கள் 1991இல் அவர்மேல் அறிவியல் முறைகேடு என்று புகார் கொடுத்தார்கள். அப்போது அவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்தார். மூடிய அறைக்குள் விசாரணை வேண்டாம், எல்லோரும் பார்க்க நடத்துங்கள் என்று போராடி, 1992இல் பொது விசாரணையை வாங்கினார். முறைகேடு எதுவும் இல்லை என்று தீர்ப்பானது. இதற்குள் அமெரிக்கா பெட்ரோலில் ஈயத்தைக் கிட்டத்தட்ட ஒழித்திருந்தது. 1970களின் கடைசியில் அமெரிக்கர் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சராசரி 12.8 மைக்ரோகிராமாக இருந்த ஈயம் 1988-91இல் 2.8க்கு இறங்கியிருந்தது.

ஆனாலும் பல் ஒருமுறைதான் விழும். பன்னிரண்டு வயதுப் பையனிடமோ இருபது வயதுப் பெண்ணிடமோ பால் பல் கேட்க முடியாது. மருத்துவர்கள் பல்லைச் சேகரித்துக்கொண்டிருந்த அதே 1970களில் ஸ்வீடனில் இயற்பியலாளர்கள் வேறு வழியில் வந்துகொண்டிருந்தார்கள். லார்ஷ் ஆல்கிரென், சோரன் மாட்சன் ஆகியோர் அடங்கிய குழு, ஈயத் தொழிலாளர்களின் விரல் எலும்பின்மேல் கோபால்ட் 57 உமிழும் காமாக் கதிரை விட்டு, எலும்பிலுள்ள ஈயம் திருப்பி அனுப்பும் எக்ஸ்ரேயை எண்ணிக் காட்டியது. 1976இல் வந்த ஆய்வேடு அது. உயிருள்ள மனிதரின் எலும்பில் ஈயத்தை ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல் அளந்த கதை அங்கே தொடங்குகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அணுவுக்குள் எலெக்ட்ரான்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கருவுக்கு மிக அருகில் இருக்கும் ஒன்றை வெளியிலிருந்து வரும் கதிர் தட்டி வெளியேற்றினால், மேலடுக்கிலிருந்து ஒன்று அந்த இடத்துக்கு இறங்கும். இறங்கும்போது மிஞ்சும் ஆற்றல் எக்ஸ்ரேயாக வெளிவரும். அதன் அளவு தனிமத்துக்குத் தனிமம் வேறு. ஈயத்துக்கு 73, 75, 85 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி. ஈயத்தின் அந்த உள்ளடுக்கு எலெக்ட்ரானைத் தட்ட 88.00 தேவை. அதற்கு ஒரு மயிரிழை கூடுதலாக, 88.03 ஆற்றலில் காமாக் கதிர் வீசும் பொருள் ஒன்று இயற்கையின் விதிகளுக்குள்ளேயே காத்திருந்தது: காட்மியம் 109. தேவைக்குச் சற்றே மேலாக இருக்கும் கதிர்தான் மிகத் திறமையாகத் தட்டும். தசையிலும் எலும்பிலும் மோதிப் பின்னால் சிதறி வரும் கதிர்கள் ஆற்றல் இழந்து 66ஐ ஒட்டிக் குவிந்துவிடும். ஈயத்தின் குரல் கேட்க வேண்டிய 73, 75 இரைச்சலுக்கு வெளியே நிற்கும். இந்த மூன்று எண்களும் இப்படி அமைந்திராவிட்டால் இந்த முறையே இல்லை.

இதை முழுமையாக்கியவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த சாமர்வில், டேவிட் செட்டில், மால்கம் ஸ்காட் ஆகியோர்; அவர்களின் கட்டுரை 1985இல் வந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் கணைக்கால். முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவே முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே கெட்டியான எலும்பு இருக்கிறது, சதை குறைவு. ஒரு பிரச்சினை மிச்சம் இருந்தது. ஒல்லியான காலும் பருத்த காலும் ஒன்றா? கால் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் எண்ணிக்கை மாறாதா? ஆற்றல் எதையும் இழக்காமல் அப்படியே 88இல் திரும்பி வரும் கதிர்களும் கொஞ்சம் உண்டு. அவை பெரும்பாலும் எலும்பின் கால்சியத்திலும் பாஸ்பரஸிலும் பட்டுத் திரும்புபவை. ஈயத்தின் எக்ஸ்ரேயை இவற்றால் வகுத்துவிட்டால் தூரமும் சதைக் கனமும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே பாதிப்பதால் கணக்கிலிருந்து கழன்றுபோகும். ஒரு கிராம் எலும்புத் தாதுவில் இத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்ற விடை நேராகக் கிடைத்துவிடும். எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மிக அழகான இடம் இந்த வகுத்தல்தான்.

அளக்கிற விதம் எளிது. கால் ஆடாமல் ஒருவர் அரை மணி நேரம் உட்கார வேண்டும். கணைக்காலுக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி ஜெர்மேனியப் படிகக் கருவி. அதைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்திருப்பார்கள். வலி இல்லை. உடம்புக்குப் போகும் கதிர்வீச்சு ஒரு மார்பு எக்ஸ்ரேயைவிடக் குறைவு. கருவியைச் சரிபார்க்க, தெரிந்த அளவு ஈயம் கலந்த பாரிஸ் சாந்து உருளைகளை எலும்புக்குப் பதிலாக வைத்துப் பார்த்தார்கள். பிறகு உடல் தானம் செய்தவர்களின் கால்களை முதலில் கருவியாலும் அடுத்து வேதிமுறையிலும் அளந்து ஒப்பிட்டார்கள். பிரிட்டனின் ஈயத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களின் ரத்தத்தை வருடக்கணக்கில் தவறாமல் சோதித்த பதிவேடுகள் இருந்தன. அந்த வருடங்களின் ரத்த அளவுகளையெல்லாம் கூட்டினால் வருவதும் கணைக்கால் எலும்பு சொல்வதும் பொருந்தின. எலும்பு வாழ்நாள் கணக்கை வைத்திருக்கிறது என்பது ஊகம் என்ற நிலையைத் தாண்டியது அப்போது.

இதே காலத்தில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஜான் ரோசன் என்ற குழந்தை மருத்துவர் வேறொரு கிளையை வளர்த்தார். புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தின் லூசியன் வீலோபோல்ஸ்கியோடு சேர்ந்து, ஈயத்தின் மேலடுக்கு எலெக்ட்ரான்கள் தரும் 10 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அளவிலான மென்மையான எக்ஸ்ரேயை எண்ணினார். யாருக்கு மருந்து கொடுத்து ஈயத்தை இறக்க வேண்டும் என்று முடிவு செய்ய அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு அதே மருந்தை ஊசியாகப் போட்டு, எட்டு மணி நேரச் சிறுநீரைச் சொட்டு விடாமல் சேகரித்தார்கள். அதற்குப் பதில் கால்மணி நேரம் காலைக் காட்டினால் போதும் என்று 1989இல் அவர்கள் எழுதினார்கள். மென்மையான அந்தக் கதிர் தோலிலேயே பெருமளவு தேங்கிவிடுகிறது, எலும்பின் மேல்விளிம்பைத் தாண்டிச் சொல்வதில்லை என்று காட்மியம் முறைக்காரர்கள் வாதிட்டார்கள். வாதம் பல வருடம் ஓடி, ஆய்வு உலகம் பெரும்பாலும் காட்மியத்தின் பக்கம் சாய்ந்தது.

பல்லும் எலும்பும் ஒரே கதையைச் சொல்கின்றனவா? ஹார்வர்டின் ஹோவர்ட் ஹூவும் நீடில்மேனும் உடனிருந்தவர்களும் 1996இல் இதைச் சோதித்து எழுதினார்கள். சிறுவயதில் பல் கொடுத்த பிள்ளைகளில் 63 பேர், இப்போது இருபதை எட்டும் இளைஞர்கள், காட்மியம் கருவிமுன் உட்கார்ந்தார்கள். பதின்மூன்று வருடத்துக்கு முன் பல்லில் ஈயம் மிகுந்திருந்தவர்களின் எலும்பில் இன்றும் ஈயம் மிகுந்திருந்தது. அதே வருடம் நீடில்மேன், பிட்ஸ்பர்க் அரசுப் பள்ளிகளில் படித்த 301 பையன்களின் கணைக்கால் அளவையும் வெளியிட்டார். எலும்பில் ஈயம் கூடிய பையன்களைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் கூறியவற்றில் முரட்டுத்தனமும் விதிமீறலும் கூடியிருந்தன. ஏழு வயதிலிருந்து பதினொன்றுக்குள் அவை மோசமாகியும் இருந்தன. ஒரு பையன் கையை ஓங்குவதற்கு ஈயம் மட்டுமே காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அவரும் சொல்லவில்லை. ஆனால் பையனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற ஊருக்கு, அவன் வீட்டுச் சுவரையும் விசாரிக்க வேண்டிய கடமை வந்தது.

இவ்வளவு நல்ல அளவுகோல் ஏன் ஊர் மருத்துவமனைகளுக்கு வரவில்லை? காட்மியம் 109 ஒன்றேகால் வருடத்தில் பாதியாகிவிடும். மீண்டும் வாங்க வேண்டும். திரவ நைட்ரஜன் தீரக் கூடாது. கருவியை ஓட்டத் தேர்ந்த இயற்பியலாளர் வேண்டும். இதைவிட முக்கியமான காரணம், தனி ஒருவருக்கு வரும் எண்ணில் பிழையின் வீச்சு பெரிது. ஈயம் மிகக் குறைவாக உள்ளவருக்கு விடை சுழிக்குக் கீழே போய் எதிர்மறை எண்ணாகக்கூட வரும். எலும்பில் இல்லாததைவிடக் குறைவாக ஈயம் இருக்க முடியாதுதான். ஆனால் அந்த எண்களைத் தூக்கி எறிந்தால் கூட்டத்தின் சராசரி பொய்யாக ஏறிவிடும் என்பதால் ஆய்வாளர்கள் அப்படியே வைத்துக் கணக்கிடுகிறார்கள். நூறு பேரைப் பற்றி உறுதியாகச் சொல்லும் கருவி, ஒரு பிள்ளையின் தாயிடம் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறது. வளரும் எலும்பு வேகமாகக் கரைந்து புதிதாகக் கட்டப்படுவதால், இரண்டு வயதில் படிந்ததில் ஒரு பகுதி பன்னிரண்டில் இடம் மாறியும் இருக்கும். அண்மைக் காலத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நீயின் குழு, கையில் பிடிக்கும் எக்ஸ்ரேத் துப்பாக்கியால் சில நிமிடங்களில் எலும்பு ஈயத்தை அளக்கும் முறையை வளர்த்திருக்கிறது. பழைய இரும்புக்கடைகளில் உலோகத்தைத் தரம் பிரிக்கப் பயன்படும் கருவியின் இனம்தான் அது. கதிரியக்கப் பொருளும் வேண்டாம், நைட்ரஜனும் வேண்டாம்.

பரணில் கிடப்பது அங்கேயே கிடந்தால்கூடப் பரவாயில்லை. ஆஸ்திரேலியாவில் பிரையன் கல்சன் 1997இல் காட்டியது, அது இறங்கி வரும் நேரத்தை. ஒவ்வொரு சுரங்கத்தின் ஈயத்துக்கும் ஐசோடோப்புக் கையெழுத்து உண்டு. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் ஈயத்தின் கையெழுத்து ஐரோப்பிய ஈயத்திலிருந்து எளிதில் பிரித்தறியக்கூடியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய பெண்கள் கருவுற்றபோது அவர்களின் ரத்தத்தை மாதாமாதம் சோதித்தார். குழந்தைக்கு எலும்பு கட்டத் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும் காலத்தில், பிறந்த நாட்டில் சேர்த்த பழைய ஈயமும் ரத்தத்தில் ஏறியது. தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களில் அது இன்னும் கூடியது. மெக்சிகோ நகரில் ஹூவும் மெக்சிகோ ஆய்வாளர்களும் தாய்மாரின் எலும்பை அளந்தபோது, ஈயம் மிகுந்த தாய்களின் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. அதே ஊரில் கர்ப்பிணிகளுக்குத் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்த ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ரத்த ஈயம் சராசரியாக நூற்றுக்குப் பதினொரு பங்கு குறைந்தது.

இந்தியாவில் பெட்ரோலில் ஈயம் 2000இல் நின்றது. பெயின்ட்டுக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 90 பங்கு) என்ற வரம்பு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுள்ள 756 பிள்ளைகளின் ரத்தத்தை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்களும் ஹூவின் குழுவினரும் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். சராசரி ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அமெரிக்காவில் இன்று 3.5ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள். ஈயம் கூடிய பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் குறித்த கவனச் சிதறலும் பதற்றமும் பாஸ்டனில் குறித்தவற்றின் சாயலிலேயே இருந்தன. அந்தப் பிள்ளைகள் இப்போது இருபதைத் தாண்டியவர்கள். அன்று ரத்தத்தில் இருந்தது என்றோ வடிந்திருக்கும். எலும்பில் படிந்ததில் ஒரு பங்கு இன்னும் இருக்கும். அவர்களில் பெண்கள் தாயாகும் வயதில் இருக்கிறார்கள். நான்காம் மாதத்திலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் மாத்திரை கொடுக்கிறார்கள், கர்ப்பகால இரத்தக் கொதிப்பைத் தடுப்பதற்காக. மலச்சிக்கல் வருகிறது, வாய் உலர்கிறது என்று பலர் பாதியில் நிறுத்திவிடும் அந்த மாத்திரையைக் கொடுக்கும் செவிலியர், எலும்பில் கிடக்கும் ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம்.